மகளுக்கு ஒரு குற்றச் சான்றிதழ்

எங்கள் ஊரில் வாயைத் திறக்காத மனிதர்களுக்குப் பஞ்சம் கிடையாது. அவர்களிலும் முதல் பரிசு லோரன் டெஷ்ஷுக்குத்தான் கொடுக்க வேண்டும். பால் லாரி ஓட்டுகிறவர். பண்ணை பண்ணையாக நின்று, குழாயை மாட்டி, தொட்டிப் பாலை லாரிக்கு ஏற்றி முடிக்கும்வரை பண்ணைக்காரரோடு அவர் பேசுகிற மொத்தப் பேச்சும் "குளிருது" என்ற ஒரு வார்த்தைதான். ஜூலை மாதத்தில் அதுவும் கிடையாது.

அந்த மனிதருக்குப் பேச்சு வந்தது மகள் கோரின் மூலமாகத்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே டாக்டராகப் போகிறேன் என்று அந்தப் பெண் அறிவித்துவிட்டாள். அன்றிலிருந்து லோரனின் பேச்சு இரண்டு வாக்கியமாக வளர்ந்தது. "குளிருது. எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறா." சுற்றுவட்டாரத்தில் இதைக் கேட்காத மாடு கிடையாது. லாரி வேண்டும், வீட்டுக்குப் புதுக் கூரை வேண்டும் என்றுகூட அந்த ஆள் வாய்விட்டுச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் ஆசைப்பட்டார், அதையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஆசைப்பட்டார்.

நான் மார்லிஸ். ஊர் முனையில் மதுக்கடை வைத்திருக்கிறேன். சாப்பாடும் உண்டு. வெள்ளிக்கிழமை மீன் வறுவல், சனிக்கிழமை இறைச்சிக் குலுக்கல். சீட்டு விழுந்தால் பன்றித் தொடையோடு வீட்டுக்குப் போகலாம், விழாவிட்டால் பீரோடு உட்கார்ந்து விழுந்தவரைத் திட்டலாம். லோரனின் மனைவி ஜானெல்லுக்கு வெள்ளிக்கிழமைதோறும் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. அதனால் அப்பாவும் மகளும் மீன் வறுவலுக்கு என் கடைக்கு வந்துவிடுவார்கள். அவர் ஒரு பீர் குடிப்பார். ஒன்று என்றால் ஒன்றுதான். இரண்டாவதை வைத்தால் யாருடையது என்று கேட்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் விஸ்கான்சினில் இருபத்தொரு வயது ஆகாதவர்கள் குடிக்கக் கூடாது. ஆனால் பெற்ற அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால் கடையிலேயே உட்கார்ந்து குடிக்கலாம், சட்டப்படி. இதில் எங்களுக்கு ஒரு விசித்திரமும் தெரியாது. அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து குடிக்கிற பிள்ளை எவ்வளவுதான் குடித்துவிடும்? வெளி மாநிலத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால்தான், நாங்கள் குழந்தைகளைக் கரடியோடு விளையாட விடுகிறவர்கள் என்பதுபோல் பார்ப்பார்கள்.

கோரினுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியிலிருந்து நவம்பர் விடுமுறைக்கு வந்திருந்தாள். மான் வேட்டை நாள். மேசையில் இரண்டு தட்டு மீன், லோரனுக்குப் பீர், கோரினுக்கு ஆரஞ்சும் செர்ரியும் போட்ட பிராந்தி ஒரு குவளை. அப்போது ஆர்ட் ஜெலின்ஸ்கி கதவைத் திறந்து, தன் வண்டியில் ஒரு கலைமான் கிடப்பதாகவும், வந்து பார்க்காதவன் மனிதனே இல்லை என்றும் சொன்னான். கடையிலிருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். லோரனும் போனார். மகளிடம் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. மான் பார்க்கப் போகிறவர் யாரிடம் சொல்லிக்கொண்டு போவார்?

அவர்கள் போன வழியில் உள்ளே வந்தான் டஸ்டின் பெல்க். ஷெரிப் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரப் பையன், பிறந்தது பக்கத்து மாநிலமான இல்லினாயில். அந்த ஒரு காரணத்துக்கே ஊரில் அவனை யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோரினின் குவளையைப் பார்த்தான், வயதைக் கேட்டான். அவள் உள்ளதைச் சொன்னாள். அப்பா வெளியே மான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாள். நானும் சொன்னேன், சற்று உரக்கவே சொன்னேன். அவன் காது சிவந்தது. அப்பா கூட இல்லாதபோது குடிப்பது சட்டப்படி தப்பு என்று, பாடப் புத்தகம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டு அபராதச் சீட்டை எழுதினான். லோரன் சட்டைக் கையெல்லாம் மானின் ரத்தத்தோடு உள்ளே வந்து நின்றார். சீட்டைப் பார்த்தார். மறுநாள் போய் அபராதத்தை ரொக்கமாகக் கட்டி, ரசீதை வீட்டு அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்.

ஊர் அதோடு விடவில்லை. அதற்குப் பிறகு டஸ்டின் என் கடைக்குள் காலை வைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து, தன் அப்பா இதோ வந்துவிடுவார் என்று வாக்குமூலம் கொடுத்தார். பேரப் பிள்ளைகள் எடுத்தவர்கள்கூட. ஆர்ட் ஜெலின்ஸ்கிக்கு அப்போதே எழுபது வயது. அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"எங்கப்பா பக்கத்துலதான் இருக்காரு, ஐயா. சர்ச்சுக்குப் பின்னால. ரெண்டாவது வரிசை. வேணும்னா போய் விசாரிச்சுக்குங்க."

இறைச்சிக் குலுக்கலில் டஸ்டினுக்கு யாரும் சீட்டு விற்கவில்லை. இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஊருக்கு அன்று திருவிழாதான்.

இதெல்லாம் பழங்கதையாகி, கோரின் பட்டம் வாங்கி, முதியோர் இல்லத்தில் இரண்டு வருடம் வேலையும் பார்த்துவிட்டு, மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே வந்து உட்கார்ந்தது அந்தக் கேள்வி. போலீசார் உங்களுக்கு எப்போதாவது அபராதச் சீட்டு கொடுத்ததுண்டா, எவ்வளவு சிறியதானாலும் தெரிவிக்கவும் என்று. மறைத்து, பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும் என்று கீழே பொடி எழுத்தில் மிரட்டல். எங்கள் மாநிலத்தில் அது குற்றக் கணக்கிலேயே வராது, வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்துவது மாதிரி ஒரு சமாசாரம். ஆனால் கேள்வியை எழுதியவர் எங்கள் மாநிலத்தில் மீன் வறுவல் தின்றவர் இல்லையே.

கடையில் ஒரு வாரம் இதே வழக்கு. சொல்லாதே என்ற கட்சிக்கு ஆர்ட் தலைவன். அவன் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே மான் சுட்டிருக்கிறான், பனிவண்டியை ஓட்டிக்கொண்டு போய்த் தபால் ஆபீஸ் சுவரில் சொருகியிருக்கிறான், ஒருமுறை நீதிபதியைப் பார்த்து ஏப்பம் விட்டதற்குத் தனியாக அபராதம் கட்டியிருக்கிறான். எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்காததால் இதையெல்லாம் எழுத்தில் தெரிவிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வரவில்லை. கோரின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேக்குறாங்க, சொல்றேன். அவ்ளோதான்" என்றாள். லோரனின் மகள்.

ஆனால் அவ்வளவுதான் இல்லையாம். உண்மையைச் சொன்னால் போதாது, அதைச் சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்லித் தருவதற்கென்றே படித்தவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். ஜானெல் எங்கேயோ விசாரித்து அப்படி ஒரு அம்மாளைப் பிடித்தாள். பெயர் செலஸ்ட், இருப்பது பாஸ்டனில். டெஷ் வீட்டில் இணையம் நத்தை வேகத்தில் ஊரும் என்பதால் கோரின் என் கடையின் பின் மேசையில் உட்கார்ந்துதான் அந்த அம்மாளோடு திரையில் முகம் பார்த்துப் பேசினாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மேசைக்குப் பக்கத்திலிருந்த குவளைகள் அன்றைக்கு ரொம்ப அழுக்காக இருந்தன.

அப்பா கூட இருந்தால் குடிக்கலாம் என்பதை அந்த அம்மாளுக்குப் புரியவைக்கவே பாதி நேரம் போனது. புரிந்த பிறகும் அவள் முகம் தெளியவில்லை. இதில் வருத்தம் எங்கே, மாற்றம் எங்கே, நீ விழுந்து எழுந்த இடம் எங்கே என்று கேட்டாள். நான் விழவே இல்லையே என்றாள் கோரின். பிறகு அந்த அம்மாள் குரலை மெதுவாக்கிக்கொண்டு, அப்பா குடிப்பாரா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு பீர் என்றாள் இவள்.

"ஒண்ணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. சின்ன வயசுல ஏதாவது ஞாபகம் வருதா?"

எனக்கு ஒன்று பட்டது. அந்த அம்மாள் ஏமாந்துபோனாள். கடையில் நல்ல மாம்ச வாசனை வந்து, உள்ளே போனால் வெறும் உருளைக்கிழங்கு இருந்தது போன்ற ஏமாற்றம்.

மூன்று நாளில் அவளே ஒரு கட்டுரையைத் திருத்தி அனுப்பினாள். கோரின் எழுதியது பத்து வரி, திரும்பி வந்தது இரண்டு பக்கம். குடியின் நிழலில் வளர்ந்த ஒரு சிறுமி. வெள்ளிக்கிழமைதோறும் மதுக்கடை. வேட்டையும் மதுவுமே வாழ்க்கையாகிப்போன ஒரு தகப்பன், மகளைக் குவளையோடு தனியே விட்டுவிட்டு இருட்டுக்குள் நடந்து போகிறான். அந்த இரவில் அவள் கண்ணீரோடு முடிவெடுக்கிறாள், இனி மற்றவர்களைக் குணப்படுத்துவேன் என்று. இருட்டெல்லாம் ஒன்றுமில்லை. என் கடை வாசலில் மூன்று விளக்கு எரிகிறது, அதற்கான மின்சாரச் செலவு எனக்குத்தான் தெரியும்.

கோரின் அதை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த நிமிடம் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த லோரன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தைக் கையில் எடுத்தார். அவர் படிக்கிறவர் இல்லை. விரல் வைத்து மெதுவாக இரண்டு பக்கத்தையும் படித்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கா அந்தம்மா. இந்த ஆளைப் படிச்சா எனக்கே ஆத்திரமா வருது" என்றார்.

"அப்பா, இது முழுக்கப் பொய்."

"இதை அனுப்புனா இடம் குடுப்பாங்கன்னு சொல்றாங்களா?"

"அவங்க அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப அனுப்பு. நான் குடிகாரன்னே இருந்துட்டுப் போறேன். பாஸ்டன்ல என்னை யாருக்குத் தெரியும்?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தியாகம் எதுவும் இல்லை. லாரிக்கு ஒரு டயர் மாற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்தான். கோரின் அந்த இரண்டு பக்கத்தையும் நாலாகக் கிழித்து என் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுதினாள். அப்பாவோடு சாப்பிடப் போனேன், அவர் மான் பார்க்க வெளியே போனார், போலீஸ் வந்தது, நான் குடித்தது உண்மை, அபராதம் கட்டியாயிற்று. அதன் கீழே, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்து.

பாதிக் கல்லூரிகள் பதிலே போடவில்லை. ஒன்று மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம், அந்தச் சம்பவத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று. அப்பா மான் பார்க்கப் போனால் நாமும் கூடப் போய்விட வேண்டும் என்று சொன்னேன் என்றாள். ஒருவர் சிரித்தாராம், மற்ற இரண்டு பேரும் எதையோ குறித்துக்கொண்டார்களாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இடம் கிடைத்துவிட்டது. லோரன் அன்று இரண்டாவது பீர் குடித்தார். யாருடையது என்று கேட்கவில்லை.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும், நியாயம் என்று ஒன்று இருந்தால். வசந்தத்தில் கல்லூரி, தான் சேர்க்கிற பிள்ளைகளின் பழைய வரலாற்றைத் தோண்டிப் பார்க்க ஒரு நிறுவனத்தை ஏவியது. அந்த நிறுவனம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடி, கோரின் டெஷ் மீது எந்த வழக்கும், எந்த அபராதமும், எங்கும் எப்போதும் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டது.

வேறு யாருக்காவது இது நல்ல சேதி. கோரினுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் ஒப்புக்கொண்ட குற்றம் பதிவில் இல்லை. ஆகவே அதை நிரூபிக்கும் ஆவணத்தை மாத முடிவுக்குள் அனுப்பவும்.

அவள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சில்லறை வழக்கையெல்லாம் ஐந்து வருடத்தில் அழித்துவிடுவோம், உன் மேல் ஒரு தூசியும் இல்லை என்று சந்தோஷமாகச் சொல்லி, அப்படியே முத்திரை போட்டும் கொடுத்துவிட்டாள். ஷெரிப் அலுவலகத்தில் கேட்டால், கம்ப்யூட்டரை மாற்றியபோது பழையதெல்லாம் போய்விட்டது என்றார்கள். ரசீது என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் லோரன் வீட்டு அடுப்பைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

கல்லூரிக்காரர்கள் முத்திரைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். குற்றமே இல்லை என்றால், குற்றம் செய்தேன் என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டது பொய். விண்ணப்பத்தில் பொய் சொன்னவருக்கு இடம் இல்லை. நல்ல பேச்சு. ஊரில் இத்தனை பேர் செய்த தப்பை மறைக்கப் படாத பாடு படுகிறார்கள், இந்தப் பெண் செய்த தப்பைக் கண்டுபிடிக்க அலைந்தாள்.

நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். குடிக்கக் கொடுத்தவரின் சாட்சி செல்லாது என்றார்கள். அப்பா சொன்னால் செல்லுமா என்று கோரின் கேட்டாள். உறவினர் செல்லாது. சீட்டு எழுதிய போலீஸ்காரரே கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பெரிய மனது பண்ணினார்கள்.

அதாவது டஸ்டின் பெல்க். ஊரே சேர்ந்து துரத்திவிட்ட டஸ்டின் பெல்க்.

கோரின் எழுதினாள், பதில் இல்லை. கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எங்கள் ஊர் எண்ணைப் பார்த்தால் நான் அவனாக இருந்தாலும் எடுக்க மாட்டேன். கடைசியில் அவள் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்த ஒரு காலையில், லோரன் என் கடை வாசலில் வந்து நின்றார். நல்ல சட்டை போட்டிருந்தார், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற சட்டை.

"மார்லிஸ், கூட வர்றியா? எனக்குப் பேச வராது."

"எனக்கு வர்றதே பேச்சு ஒண்ணுதான். ஏறு வண்டியில" என்றேன்.

தெற்கே மூன்று மணி நேரப் பயணம், இல்லினாய் எல்லை வரை. நான் புதுப் பாலாடைக்கட்டி ஒரு பையும் மான் இறைச்சிச் சுருள் இரண்டும் எடுத்துக்கொண்டேன். போலீஸ்காரனுக்கு லஞ்சமா என்றார் லோரன். அவன் இப்போது போலீஸ் இல்லை, ஆகையால் இது விருந்து என்றேன்.

டஸ்டின் நீச்சல் தொட்டி விற்கிற கடையில் இருந்தான். தாடி, தொப்பை, கழுத்தில் கடையின் அடையாள அட்டை. எங்களைக் கண்டதும் அவன் முகம் வெளிறி, ஒரு தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். அடிக்க ஐந்தாறு வருடம் தாமதித்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். நான் பையை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்க அன்னிக்குக் கத்துனது இன்னும் காதுல இருக்கு" என்று என்னிடம் சொன்னான். பிறகு லோரன் பக்கம் திரும்பி, "நீங்க கத்தல. நீங்க விரலைத் தூக்கல. ரெண்டு வருஷம் எதிர எதிர வண்டி ஓட்டினோம், ஒரு நாள்கூடத் தூக்கல" என்றான்.

எங்கள் பக்கத்தில் எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவது வழக்கம். ஜென்மப் பகையாளிக்கும் உயர்த்துவோம். லோரன் அதைச் செய்யவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஆர்ட்டின் கேலியையெல்லாம் அந்தப் பையன் தாங்கியிருக்கிறான், அந்த ஒரு விரலைத்தான் தாங்கவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவனை வெறுக்க எனக்கு இருந்த நல்ல காரணங்களில் ஒன்று குறைந்துபோனது.

விஷயத்தைச் சொன்னேன். எழுத்துமூலம் ஒன்று வேண்டும், அன்று நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. அப்படியே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டத் தொடங்கினான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் ஒரு தாளை அச்செடுத்து, என்னிடம் கொடுக்காமல் நேராக லோரனிடம் கொடுத்தான்.

லோரன் விரல் வைத்துப் படித்தார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். டஸ்டின் எழுதியிருந்தது இதுதான்: அன்று கடைக்குள் நுழையும்போதே அந்தப் பெண்ணின் தகப்பனை வாசல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றார். உள்ளே வந்த பிறகும் ஜன்னல் வழியாகத் தெரிந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம், ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை, நானும் ஒரு ஆள் என்று காட்ட நினைத்தேன். அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு என்னுடையது. அதற்காக அவளிடமும் அவள் தகப்பனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

லோரனின் விரல் கடைசி வரியில் வந்து நின்றது. நகரவில்லை. அவர் ரசீதை அடுப்பில் எரித்தது, இரண்டு வருடம் விரல் தூக்காமல் இருந்தது எல்லாம் இந்த ஒரு வரிக்காகத்தான். அது இப்போது கையெழுத்தோடு கையில் இருந்தது. கல்லூரிக்கு அனுப்பினால் மகளின் இடத்தைப் பறிக்கப் போவதும் அதே வரிதான்.

"தம்பி, இது வேணாம். மாத்தி எழுது" என்றார்.

டஸ்டினுக்குப் புரியவில்லை. "இதுதாங்க உண்மை."

"உண்மைதான்" என்று நான் நடுவில் புகுந்தேன். "ஆனா அவ தப்பு செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. நீ செய்யலன்னு எழுதுனா அவ பொய் சொன்னவளாயிடுவா. நல்லவன்னு எழுதி அவளைக் கெடுத்துடாதப்பா."

"அதுக்காக மறுபடியும் அந்தப் பொண்ணு மேலயே பழியைப் போடணுமா? எத்தனையோ நாளா இதைச் சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லிட்டேல்ல? நான் கேட்டுட்டேன்" என்றார் லோரன். "இப்ப எம் பொண்ணு குற்றவாளின்னு எழுதிக் குடு. தயவுசெஞ்சு."

அந்தத் தயவுசெய்து என்ற சொல்லை நான் அவர் வாயில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. டஸ்டின் திரும்பப் போய் உட்கார்ந்தான். இந்த முறை சீக்கிரம் முடிந்தது. மேற்படி பெண் தகப்பன் உடன் இல்லாத நேரத்தில் மது அருந்தியதைக் கண்டு, சட்டப்படி சரியான முறையில் அபராதச் சீட்டு வழங்கினேன், அவர் ஒத்துழைத்தார். லோரன் படித்தார். சரியான முறையில் என்பதற்கு முன்னால் முற்றிலும் என்று ஒரு சொல் சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்த்தான்.

முதல் தாள் இன்னும் லோரனின் கையில் இருந்தது. மேசைக்கு அடியில் தாள் கிழிக்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. இது எங்கேயாவது வெளியே வந்தால் அவளுக்கு ஆபத்து என்று நான்தான் சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும். அவர் தலையாட்டினார். இன்னொரு தடவை படித்துக்கொள்கிறேன் என்றார். நாங்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவரே குனிந்து அதை இயந்திரத்துக்குள் விட்டார். டஸ்டின் பாலாடைக்கட்டிப் பையை வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில், கோரின் படித்து முடித்து டாக்டராகும்வரை அந்த முதல் தாளைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவளிடமும்தான். தெரிந்தால் அவள் சும்மா இருக்க மாட்டாள், அந்தக் கல்லூரிக்கே எழுதி உண்மையைச் சொல்லிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள் என்றார். யார் பெற்ற பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கோரின் சென்ற வருடம் படிப்பை முடித்துவிட்டாள். சத்தியத்தின் தவணை முடிந்தது, அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

டஸ்டினின் கடிதத்தைப் பெற்றுக்கொண்ட கல்லூரி, கோரின் டெஷ்ஷின் குற்றம் திருப்திகரமாக நிரூபிக்கப்பட்டதாகவும், அவளை வரவேற்பதாகவும் பதில் போட்டது. அந்த வெள்ளிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. கோரின் எல்லாரோடும் சிரித்துப் பேசி, ஒரு பெரிய தட்டு மீனோடு அப்பாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆர்ட்டுக்கு வாய் சும்மா இருக்குமா? கடைக்கே கேட்கும்படி கேட்டான்:

"லோரன், அந்தப் பய மன்னிப்பாவது கேட்டானா இல்லையா?"

எல்லாரும் திரும்பினார்கள். கோரினும்தான் பார்த்தாள். லோரன் பீரை ஒரு வாய் குடித்தார்.

"அவன் எதுக்குக் கேக்கணும்? சட்டப்படிதான் செஞ்சிருக்கான். தப்பு இவ மேல."

சிரித்துக்கொண்டிருந்த கோரினின் முகம் அப்படியே நின்றது. போலீஸ்காரன் சீட்டு எழுதியபோதும், பாஸ்டன் அம்மாள் துருவியபோதும், கல்லூரி படுத்தியபோதும், தான் தப்பு செய்யவில்லை என்று அப்பாவுக்குத் தெரியும் என்ற ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமாப்பா?" என்றாள் மெதுவாக.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்மா" என்றார் லோரன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். லோரன் பின்னால் போகவில்லை. போனால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.